கத்திரிப்பூ கலரில் மூன்று உருண்டை

வெயில் ஊரில் உல்லன் நூல் விற்கிறவன் நூலுக்குப் பதில் சொல்வதைவிட வெயிலுக்குப் பதில் சொல்வதுதான் அதிகம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் என் மனைவி வசந்தாவின் கடையில் நான் உட்கார்ந்திருந்த நாலு வருஷத்தில், "இந்த அனல்ல யாருங்க ஸ்வெட்டர் போடுவாங்க?" என்று கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். பேசத் தெரிந்திருந்தால் அவர்களும் கேட்டிருப்பார்கள். எங்கள் சரக்கு முதலில் ஏறுவது அவர்கள் தலையில்தானே.

அதற்கு முன்னால் முப்பத்தோரு வருஷம் சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் நாலு நாள் உட்கார்ந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நான் ஹாலிலிருந்து எண்ணிச் சொல்வதைத் தாங்க முடியாமல், ஐந்தாம் நாள் வசந்தா கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். மனைவியின் கடையில் உட்கார்ந்து பார்த்த கணவன்மார்களே, உங்களுக்கு நான் மேலே எதுவும் விளக்க வேண்டியதில்லை. முதலாளி யார், பியூன் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது திருவள்ளூரில் மகள் வீட்டில் இருக்கிறோம். கடையை மைத்துனி பார்த்துக்கொள்கிறாள், நான் இருந்தபோதைவிட நன்றாகவே நடக்கிறதாம். சந்தோஷம்தான். இருந்தாலும் அந்த எட்டுக்குப் பத்து கடையும், அலமாரிக் கதவைத் திறந்தால் குப்பென்று வரும் பாச்சை உருண்டை வாசனையும் நினைவுக்கு வராத நாளே இல்லை.

முதல் நாள் பரீட்சை

முதல் நாள் முதல் வாடிக்கையாளர் ஒரு டீச்சர். "பன்னண்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, எட்டாம் நம்பர் ஒரு ஜோடி" என்றார். ஊசியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் மக்கில் கலந்து கிடந்தது. ஒன்றிலும் நம்பர் சீட்டு இல்லை. வசந்தா உள்ளே நூல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் விழிப்பேன், அப்புறம் வந்து காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

நான் மக்கில் கையை விட்டு, மெல்லிசானதில் ஒரு ஜோடியைப் பன்னிரண்டு என்றும் தடித்ததில் ஒரு ஜோடியை எட்டு என்றும் எடுத்து வைத்தேன். பெரிய நம்பருக்குப் பெரிய ஊசியைத்தான் புதியவர்கள் எல்லாரும் நீட்டுவார்களாம். கம்பி ஆலைக்காரனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. எங்கள் கேஜ் கணக்கிலும் நம்பர் ஏற ஏறக் கம்பி இளைத்துக்கொண்டே போகும். விரலால் உருட்டிப் பார்த்தாலே போதும். டீச்சர் அசந்துபோய், "சார் ரொம்ப விவரமானவரா இருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது.

"கல்யாணம் ஆன முப்பத்தி மூணு வருசத்துல மொத தடவையா ஒருத்தங்க ஒங்கள விவரமானவர்னு சொல்லிக்கிறாங்க. நல்லா கேட்டுக்குனீங்களா?"

ரயில் அளவு

எங்கள் வியாபாரத்தில் பாதி, காலை லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. ஏழெட்டுப் பெண்கள் மீஞ்சூர் தாண்டுவதற்குள் ஆளுக்கு இரண்டு விரற்கடை பின்னிவிடுவார்கள். அதில் ஒருத்திதான் ஸ்டெல்லா. திருவொற்றியூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, திரும்பி வரும்போது தன் மடியில் இருப்பதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வருவாள்.

ரயில் எவ்வளவு தாமதம் என்று நான் ஸ்டேஷனில் கேட்டதே இல்லை. சாயங்காலம் ஸ்டெல்லா கடைக்குள் வந்து, பையிலிருந்து மஃப்ளரை எடுத்து மேஜைமேல் நீட்டிக் காட்டுவாள். அவ்வளவுதான், தெரிந்துவிடும்.

"இன்னாணா பண்றது, அத்திப்பட்டுல சிக்னல் போடாம நிக்க வெச்சிட்டான். ஒண்ணரை ஜாண் ஆயிட்சு பாருங்க!"

கோதண்டத்தின் கன்னம்

புதுப் புது நூல்கள் வர ஆரம்பித்த காலம் அது. அதுவரைக்கும் உல்லன் என்றால் உல்லன். திடீரென்று பருத்தி கலந்தது, ஜரிகைபோல மினுக்குவது, ஒரே உருண்டையில் ஏழு கலர் மாறுவது என்று சேல்ஸ்மேன் பை பையாக இறக்கினார். ஃபோனில் வீடியோ பார்த்துப் பொம்மை பின்னுகிற காலேஜ் பெண்கள் எங்களுக்கே தெரியாத பெயரெல்லாம் சொல்லிக் கேட்டார்கள். அப்படி வந்ததுதான் வெல்வெட் நூல். தொட்டால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருக்கும்.

என்னோடு ஆலையில் இருந்த கோதண்டத்துக்கு அப்போது இன்னும் சர்வீஸ் பாக்கி. உலைப் பக்கம் வேலை, உள்ளங்கை காய்த்துக் கட்டையாகியிருக்கும். ஷிப்ட் முடிந்ததும், "இன்னா ஏகாம்பரம், பொம்பளைங்க கடையில குந்திக்கினு கீற?" என்று கிண்டல் செய்வதற்கென்றே வருவான். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தான். பேசிக்கொண்டே ஒரு வெல்வெட் உருண்டையைக் கையில் எடுத்தான். கையால் தடவினால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் கிண்டலை நிறுத்திவிட்டான். எனக்கும் அவனை ஓட்டத் தோன்றவில்லை.

"ஒண்ணு குடு நைனா. பின்றதுக்கெல்லாம் இல்ல, தலகாணி பக்கத்துல சும்மா வெச்சிக்கிறேன்."

பேர் எழுதின பை

உல்லன் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்வெட்டருக்குப் பன்னிரண்டு உருண்டை வேண்டும் என்றால் யாரும் ஒரே நாளில் பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பின்னப் பின்ன இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் பன்னிரண்டும் ஒரே சாயத்தொட்டியில் இறங்கினதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் சீட்டில் லாட் நம்பர் போட்டிருக்கும். கலர் பேர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு பொட்டு மாறும். அதனால் மீதி உருண்டைகளை வசந்தா துணிப்பையில் போட்டு, பேர் எழுதி, ஆணியில் மாட்டிவிடுவாள். அந்தப் பையில் கை வைக்கக் கூடாது. கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஸ்டெல்லாவின் பையில் கத்திரிப்பூ கலர் இருந்தது. அவள் மகள் ஜெனிபர் நர்ஸ் படிப்பு முடித்து, ஜெர்மன் பாஷையும் படித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். விமானம் ஏறுவதற்குள் ஸ்வெட்டரை முடிக்க வேண்டும். ரெடிமேடாகவே நல்லது கிடைக்குமே, இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்டுத் தொலைத்தேன். ஸ்டெல்லா நிமிராமலே பதில் சொன்னாள்.

"ஓடி ஓடி வேலை செஞ்சதுல அதுக்கு ஒண்ணுமே என் கையால செஞ்சி குடுக்கலணா. பொறந்தநாள் கவுனு, கிறிஸ்மஸ் கேக்கு, எல்லாமே கடையில வாங்கனதுதான். இது ஒண்ணாவது நான் செஞ்சதா போவட்டும்."

நான் செய்த காரியம்

ஒருநாள் வசந்தா பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மினதி என்று ஓர் ஒடிசாப் பெண் வந்தாள். கணவருக்கு சிப்காட்டில் வேலை. பிறந்து இருபது நாள் ஆன குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அலமாரியில் இருந்த கலரையெல்லாம் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய பையின் வாய் வழியாகத் தெரிந்த கத்திரிப்பூவைக் கை காட்டினாள். ஒரே ஓர் உருண்டை, குழந்தைக்குத் தொப்பி போட. பையில் மூன்று இருந்தன. அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சட்டமெல்லாம் மறந்துபோய்விட்டது. அடுத்த வாரம் இதே கலர் வரத்தானே போகிறது, ஒன்றை எடுத்து வைத்துவிடலாம் என்று கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தது. அதே கலர் பேர், வேறு லாட். கடை ட்யூப்லைட்டில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. மீதி மூன்று உருண்டையை வாங்க ஸ்டெல்லா வந்தபோது, பழையதில் இரண்டும் புதியதில் ஒன்றும் எடுத்து நீட்டினேன். பீஸ் செக்கிங் கண் அல்லவா? மூன்றையும் ரோட்டு வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு கத்திரிப்பூ, ஒன்று நாவல் பழம். விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆலையில் ஒவ்வோர் உலைக் காய்ச்சலுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரு நம்பர் கம்பி இன்னொரு நம்பரோடு கலந்துவிட்டது என்று லோடு ஏற்றின லாரியையே கேட்டில் மறித்தவன் நான். அந்தக் கதையை வசந்தாவிடம் நூறு தடவையாவது பெருமையாகச் சொல்லியிருப்பேன். அவள் அதைத்தான் கையில் எடுத்தாள்.

"இரும்புக்கு நம்பர் பாத்து லாரிய நிறுத்தன மனுசனுக்கு, நூலுக்கு நம்பர் பாக்கத் தெரியாம போயிட்சா?"

தொப்பி

மறுநாள் காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் மினதியைத் தேடிக்கொண்டு போனேன். சிப்காட்டுக்குப் பின்னால் வரிசை வீடுகள். எட்டு வீட்டில் விசாரித்தேன். ஒன்பதாவது வீட்டு வாசலில் மினதி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை, குழந்தையின் தலையில் கத்திரிப்பூ கலர் தொப்பி. அவ்வளவு அழகான தொப்பியை நான் அதுவரை பார்த்ததில்லை. குழந்தைக்கு என்ன பேர், நன்றாகத் தூங்குகிறதா என்று சம்பந்தம் இல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் அவளே எதற்கு வந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் தொப்பியைக் கழற்றி, நூல் முனையைப் பல்லால் கடித்து எடுத்து, பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே போய் ஒரு சின்ன சாக்ஸையும் எடுத்து வந்தாள். மீதி நூலில் ஒரு ஜோடி போட்டிருக்கிறாள், இன்னொன்று ஷேர் ஆட்டோவில் விழுந்துவிட்டதாம். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று நான் வாயால் சொன்னேனே தவிர, நூலை வாங்க என் கை தானாக நீண்டது. வெட்கமாக இருந்தது. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அண்ணா, தொப்பி ஒரு நாள் வேலை. ஸ்வெட்டர் ரெண்டு மாசம். நான் போட்டிருக்கு, எனக்குத் தெரியும்."

நாலு விரல்

பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. அதை ஆவியில் காட்டி நிமிர்த்த வேண்டும். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார, வசந்தா என் கைகளில் நூலைச் சுற்றினாள். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவள், மூன்றாவது சுற்றில், "கை வலிக்குதா?" என்றாள். வலித்தது. இல்லை என்றேன். அதே சூட்டோடு மினதிக்கு அவள் கேட்ட மஞ்சளில் இரண்டு உருண்டை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டெல்லாவும் ஜெனிபரும் கடைக்கு வந்தார்கள். ஸ்வெட்டரை மேஜைமேல் விரித்தார்கள். எல்லாம் பொருந்தியிருந்தது, இடது கையின் கடைசி நாலு விரல் அகலத்தைத் தவிர. தொலைந்துபோன சாக்ஸ் அளவுக்கு நூல் பத்தாமல், அங்கே மட்டும் புது லாட். வசந்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வலது கையிலயும் நாலு விரல் பிரிச்சிட்டு இதே நூல போட்டுடலாம். ரெண்டு கையும் ஒண்ணாயிடும், டிசைன் மாரி தெரியும். நாளைக்கு மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று ஊசியை எடுத்தாள். ஜெனிபர் ஸ்வெட்டர்மேல் உள்ளங்கையை வைத்து, "வேணாம் ஆன்ட்டி" என்றாள். "ஏண்டி, அங்க நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"ரெண்டு கையும் சரியா இருந்தா கடையில வாங்கனதுன்னு நெனப்பாங்கம்மா. இப்டியே இருக்கட்டும். எங்கம்மா போட்டதுன்னு பாத்தவொடனே தெரியட்டும்."

ஸ்டெல்லா அழுதாள், வசந்தா அழுதாள், பின்னவே தெரியாத நானும் அழுதேன். ஆனால் ஒன்று, அந்தக் கடையில் நான் செய்த ஒரே கைவேலை இப்போது ஜெர்மனியில் ஒரு பெண்ணின் இடது மணிக்கட்டில் இருக்கிறது.