நோம்பி வாரத்தில் எடுத்த சர்வே

சரோஜா அம்மா அந்த அறிக்கையை என் மேஜையில் வைக்கவில்லை, போட்டார்.

"உங்க புக்கைக் காட்டியே என் வாயை அடைச்சுப்போட்டாங்க சார்," என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுத் தலைவர்கள் வந்திருந்த நேரம். கோவையில் பேரூராட்சி, நகராட்சி அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில், ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தேன். அதிகாரிகள் இரண்டு தவணையாக வந்து படிப்பார்கள். முதல் தவணையில் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைச் சொல்வார்கள். நாங்கள் போய் சர்வே எடுத்து அறிக்கை தருவோம். சரோஜா அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு பேரூராட்சியின் செயல் அலுவலர். ஊர்க் கடைசியில் இருக்கும் காலனிக்குத் தனிக் குழாய் லைன் வேண்டும் என்று மன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் ஆதாரம் கேட்டார்.

நான் கொடுத்த ஆதாரம் இதுதான்: காலனியில் தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது, அது போதுமானது. தலைவர் அதை மன்றத்தில் படித்துக் காட்டி, லைன் தேவையில்லை என்று தள்ளிவிட்டார்.

"சர்வே சரியாத்தான் இருக்கு," என்றேன். அப்போது எனக்குத் திமிர் அதிகம்.

"சரிங்க சார். ஒருக்கா வந்து பாத்துப்போட்டு இதையே சொல்லுங்க."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். காலனியின் முதல் குழாய்க்கு அருகே ஒரு பலகைக் கல் உண்டு. சர்வேயின்போது அதன்மேல் நின்றுதான் படிவம் நிரப்பினேன். இப்போது கல் ஓரமாகக் கிடந்தது. அது மூடியிருந்த இடத்தில் இடுப்பளவு குழி. ஒரு பெண் அதற்குள் இறங்கி, தரைக்குக் கீழே குழாயை வெட்டிவிட்ட இடத்தில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார். மேலே குழாய் வரை ஏறாத தண்ணீர் அங்கே நூலாக வந்தது.

"ஏனுங்க, அன்னைக்கு எழுதீட்டுப் போனவருதானுங்க நீங்க?" என்றார் குழிக்குள் இருந்தே.

"ஆமாங்க. ரெண்டு மணி நேரம் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வருதான்னு கேட்டீங்க, வந்துச்சு, சொன்னோம். நோம்பி முடிஞ்சா நின்னுபோயிரும்னு எழுத உங்க தாள்ல எங்கீங்க எடம் இருந்துச்சு?"

நான் துடியலூர்க்காரன். மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, எனக்குத் தெரியாததில்லை. கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் பதினைந்து நாள் பெண்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்க மாட்டார்கள். அதனால்தான் அந்த வாரத்தையே நான் தேர்ந்தெடுத்தேன். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஒரே நடையில் வேலை முடியும். "ஒரு வீடு கூடப் பூட்டு இல்லை" என்று எங்கள் மையத்தின் டைரக்டரிடம் பெருமையடித்தேன்.

டேங்க் அடியில், தண்ணீர் திறந்துவிடும் பழனான் உட்கார்ந்திருந்தார்.

"கம்பத்துக்கு ஊத்தோணும், ஊரெல்லாம் ஒரம்பரை, விருந்தாளிக வரும்னு தலைவரு பதினஞ்சு நாளைக்கு நேரம் சேத்தித் தொறக்கச் சொன்னாருங்க. மத்த நாள்ல கடைசி வரைக்கும் எங்கீங்க போகுது?"

"எங்கிட்ட ஏங்க சொல்லலை?"

"நீங்க ஊடு ஊடாத்தானுங்க போனீங்க. தொறக்கறவன்கிட்ட ஆருங்க கேக்கறா?"

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

டைரக்டரிடம் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "அச்சடிச்சதைத் தப்புன்னு நாமளே சொன்னா எந்த ஆபீசர் இங்க படிக்க வருவாங்க?" என்றார்.

"தப்பைப் படிக்க வர்றதுக்கு வராமலே இருக்கட்டும் சார்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. மூன்று வாரம் சாதாரண நாள்களில் போனேன். பாதி வீடு பூட்டு. மில் ஷிப்ட், தோட்ட வேலை. மறுபடி மறுபடி போனேன். காலனிக்கு அரை மணி நேரம்கூடச் சரியாக வரவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் சரோஜா என்னைப் பேசச் சொன்னார். தலைவர் சிரித்தார்.

"போன தடவை வருதுன்னீங்க, இப்ப வரலீங்கறீங்க. அடுத்த தடவை என்னங்க சொல்லுவீங்க?"

"போன தடவை எழுதினது தப்புங்க. தப்பு என்னுது, இந்த அம்மாவுது இல்லை. நோம்பிக்கு நீங்க சேத்தித் தொறந்ததை நான் தெனமும் வர்ற தண்ணின்னு எழுதிட்டேன். என்னை நம்ப வேண்டாம். நாளைக்குக் காலையில அந்தக் குழியில எறங்கி ஒரு குடம் புடிச்சுப் பாருங்க."

சிரிப்பு நின்றது. தலைவர் குழியில் இறங்கவில்லை. ஆனால் பழனானைக் கூப்பிட்டுக் கேட்டார். பழனான் என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். லைன் போடத் தீர்மானம் ஆனது. தண்ணீர் வந்த பிறகு குழியை மண் போட்டு மூடினார்கள். நான் நின்ற கல், துணி துவைக்கும் கல்லாகிவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு வசதியான நாளில் சர்வே எடுக்காதீர்கள். வால்வைத் திறப்பவரிடம் முதலில் பேசுங்கள். காலுக்குக் கீழே கல் இருந்தால் நகர்த்திப் பாருங்கள்.

ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வகுப்பிலும் அந்த முதல் அறிக்கையைக் கொடுத்து, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒரு அதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தேன்.