நோர்வேயிலிருந்து வந்த ரப்பர்ப் பட்டை

யூரோ வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது நான் ஜெர்மனியின் தெற்கே, ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மலையொன்றின் மேலிருந்த உணவுவிடுதியில் சமையலறை வேலை செய்துகொண்டிருந்தேன். என் கணவருக்குக் கீழே பள்ளத்தாக்கில், பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை. விடுதியின் முதலாளியம்மா அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் தனியாக மேலேயே குடியிருந்தார். கோடையில் காரும் வானும் போய்வரும் பாதை கார்த்திகைக்குப் பிறகு பனியில் மறைந்துவிடும். அதன்பிறகு சித்திரை வரைக்கும் மேலே போவதென்றால் நடக்க வேண்டும், அல்லது சறுக்குக் கட்டை பூட்டிக்கொண்டு ஏற வேண்டும். எனக்கு இரண்டும் வராது. எனக்கிருந்த ஒரே வழி முதலாளியம்மாவின் பனிவண்டி.

அது என் கல்யாணத்தை விட வயது கூடிய வண்டி. மஞ்சள் நிறம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் இருக்கைக்குக் கீழே யுத்த டாங்கிக்கு இருப்பதுபோல ஓயாமல் சுற்றும் அகன்ற ரப்பர்ப் பட்டை. அந்தப் பட்டைக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெயருக்குக் கம்பளிப்புழு என்று பொருள். காலை ஏழரைக்கு முதலாளியம்மா கடைசிக் கார்த்தரிப்பிடத்துக்கு இறங்கி வருவார். பின்னால் கட்டிய சறுக்குப் பெட்டியில் உருளைக்கிழங்கு மூட்டையையும் பாலையும் ஏற்றுவோம். நான் அவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். முதல் குளிர்காலம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே போனேன். மூன்றாவது குளிர்காலத்தில் அவருடைய முதுகில் சாய்ந்து தூங்கியும் இருக்கிறேன்.

ஒரு மாசி மாதப் பிற்பகலில் வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வளைவில் எங்களுக்குக் கீழே துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்குவியலில் முட்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் பட்டை குறுக்கே அறுந்து கிடந்தது. அறுந்த நுனி சுழன்று அடித்ததில், பட்டையை இழுக்கிற பற்சக்கரங்களும் உடைந்துவிட்டன. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

நடந்துதான் இறங்கினோம். அவர் முன்னால் பனியை மிதித்து மிதித்துப் போனார். நான் அவருடைய காலடிக் குழிகளுக்குள் என் கால்களை வைத்துப் பின்னால் போனேன். இரண்டரை மணிநேரம். கீழே வந்து சேர்ந்ததும் அவர் கையுறையைக் கழற்றி, என் சால்வையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"இந்த வருசம் கடையைப் பூட்டத்தான் வேணும்," என்றார். "வாற வருசத்தைப் பற்றி எனக்குத் தெரியேல்லை."

(எங்களுக்குள் பேச்சு ஜெர்மனில்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு என் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.)

புதிய வண்டி வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன். அந்தக் காட்டுக்குள் வண்டி ஓட்டக் கொடுத்த அனுமதி அந்தப் பழைய வண்டியின் இலக்கத்துக்கு மட்டும்தானாம். அவருடைய கணவர் காலத்தில் கொடுத்தது. இப்போது அது இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. புதிதாக அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால் கிடைக்காது என்று அவருக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்த வண்டி ஓட வேண்டும், இல்லையென்றால் எதுவும் ஓடாது.

பள்ளத்தாக்கில் டிராக்டர் திருத்துகிற ஒரு மெக்கானிக் இருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். வண்டியைக் கீழே இழுத்து வந்து கவிழ்த்துப் பார்த்தார்.

"பட்டையும் வேணும், பற்சக்கரமும் வேணும்," என்றார். "செய்த கொம்பனி மூடிக் கனகாலம். எங்கை எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது. கொண்டுவந்தால் பூட்டித் தாறன்."

பாதை திறக்கும் வரைக்கும் கீழே பள்ளத்தாக்கில் தங்கியிருந்த முதலாளியம்மா, தெரிந்த ஆட்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். இணையத்தில் தேடித் தரச் சொல்லித் தபால்கந்தோர்ப் பெண்ணைக் கேட்டார். பங்குனியில் பின்லாந்திலிருந்து ஒரு பட்டை வந்து சேர்ந்தது. நீளம் சரி, அகலம் சரி. நாங்கள் இருவரும் அதை உருட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். அவர் அதன் துளைகளின் மேல் அளவுகோலை வைத்தார். பிறகு பழைய பட்டையின் மேல் வைத்தார். தலையை ஆட்டினார்.

"துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் வேறை. பல்லு ஏறி மிதிக்கும். பத்து மீற்றர் போறதுக்குள்ளை கழண்டிடும்."

திரும்பி வரும்போது முதலாளியம்மா என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "கோடைக்கு வேலை இருக்கு, பயப்படாதை," என்று மட்டும் சொன்னார். தன் கவலைக்கு நடுவிலும் என் வேலையைப் பற்றி அவர் நினைத்தது எனக்குள் தைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அண்ணையின் நினைவு வந்தது.

அண்ணை என் சின்னம்மாவின் மகன். ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நான் ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அவர் நோர்வேயின் வட கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தார். பதினைந்து வருடமாக அங்கேயே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கங்களை அழுத்தினேன்.

"அண்ணை, உங்கட பக்கம் ஸ்னோ ஸ்கூட்டர் ஓடுறவையே?"

"ஓம், இஞ்ச சைக்கிளை விட அதுதான் கூட. ஏன் கேக்கிறாய்?"

"பழைய ஸ்கூட்டர் ஒண்டுக்குக் கீழ்ப் பட்டை வேணும். பற்சக்கரமும் வேணும்."

"நீ சமையல் வேலை எண்டெல்லோ சொன்னனீ?"

நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இஞ்ச எல்லா வீட்டுக்கும் பின்னால பழசு ஒண்டு ரெண்டு கிடக்கும். ஆனால் எனக்கு அதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது. எது சரி எண்டு நான் எப்பிடிப் பாக்கிறது? ஒரு அளவு அனுப்பு."

சென்டிமீற்றரில் எழுதி அனுப்பினால் மறுபடியும் பிழைத்துவிடும் என்று பயமாக இருந்தது. அடுத்த நாள் என் வீட்டுச் சமையலறையில் கேக் தட்டுக்குப் போடும் மெழுகுத் தாள் சுருளைக் கண்டதும் ஒரு யோசனை வந்தது. முதலாளியம்மாவையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போய், அறுந்த பட்டையைத் தரையில் விரித்து, அதன் மேல் அந்தத் தாளைப் பரப்பினேன். அங்கிருந்த விறகடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டால் இருவரும் முழந்தாளில் நின்று தேய்த்தோம். ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு குறுக்கு வரியும் கறுப்பாகத் தாளில் எழும்பி வந்தன. முதலாளியம்மாவின் மூக்கிலும் கரி. அந்த மாதத்தில் அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தாளைச் சுருட்டி மட்டைக் குழாய்க்குள் வைத்து நோர்வேக்குத் தபாலில் போட்டோம்.

அண்ணை அந்தத் தாளோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு வீடாகப் போனார். பதினைந்து வருடத்தில் அந்த ஊர்க்காரரோடு அவர் அதிகம் பழகியதில்லை. தொழிற்சாலை, வீடு, தமிழ்ச் சனம், அவ்வளவுதான். இப்போது முன்பின் தெரியாத கதவுகளைத் தட்டி, உங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டியிருந்தது.

"ஒருத்தரும் துரத்தேல்லை, பிள்ளை," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "எல்லாரும் கோப்பி தந்தவை. ரெண்டு பேர் தாங்களும் என்னோட சேர்ந்து தேட வெளிக்கிட்டினம்."

ஒரு வாரம் அகலம் பிழை என்பார். அடுத்த வாரம் எல்லாம் சரி, ஆனால் ரப்பர் வெடித்துப் போயிற்று என்பார். ஆறாவது வாரம் எடுத்த எடுப்பிலேயே, "கிடைச்சிட்டுது," என்றார்.

ஒரு வயதான மீனவர். இயந்திரம் பழுதான வண்டியொன்றைப் படகுக் கொட்டகைக்குள் மூடி வைத்திருந்தார். வெயிலும் மழையும் படாததால் பட்டை நல்ல நிலையில் இருந்தது. அண்ணை தாளை அதன் மேல் விரித்தபோது எல்லாத் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவாம். பட்டையை மட்டும் தருவதற்கு அந்த மனிதர் சம்மதிக்கவில்லை. பட்டையும் பற்சக்கரமும் சேர்ந்தே தேய்ந்தவை, பிரித்தால் இரண்டும் கெட்டுவிடும் என்று சொல்லி, பற்சக்கரங்களை அச்சோடு கழற்றினார். அதோடு சங்கிலியையும் எஞ்சினிலிருந்து அச்சுக்கு ஓடுகிற புது பெல்ட் இரண்டையும் எடுத்து வைத்தார். விலை எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணைக்கு அப்படி வாங்க மனமில்லை. மூன்று சனிக்கிழமை போய் அவருடைய படகுக்கு நிறம் பூசிக் கொடுத்தார்.

"இனி எப்பிடி அனுப்பப் போறியள்?" என்று கேட்டேன்.

"ஆடியில தேருக்கு வாறம் எல்லோ. வானில கொண்டு வாறன்."

ஜெர்மனியின் வடமேற்கே ஒரு பெரிய அம்மன் கோயில் இருக்கிறது. தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்கள் சனம் வரும். முதலாளியம்மாவிடம் இதைச் சொன்னபோது, தன்னுடைய காரில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னார். விடுதியை ஒரு நாள் மூடினார். கோடையில் அவர் அப்படி மூடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

விடியுமுன் வெளிக்கிட்டு, நானும் என் கணவரும் அவரும் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தேர் வெளிக்கிட்டிருந்தது. முதலாளியம்மா வீதியோரத்தில் எல்லோரையும் போலச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சூடான தாரில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றார். யாரோ ஒரு பெண் அவருடைய கையில் மோர்க் குவளையைத் திணித்துவிட்டுப் போனாள். அவர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கலாமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். தெரிந்தவர்கள் வந்து, "ஆர் உவ?" என்று விசாரித்தார்கள். "என்ர முதலாளியம்மா. ஸ்னோ ஸ்கூட்டருக்குச் சாமான் எடுக்க வந்தவ," என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கும் நேரமிருக்கவில்லை.

அன்னதானம் முடிந்தபிறகு வாகனங்கள் நின்ற புல்வெளியில் அண்ணையின் வானைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்ததும் கருவாட்டு மணமும் ரப்பர் மணமும் கலந்து வந்தன. அண்ணையின் மனைவியான மச்சாள் எங்களைக் கண்டதும் முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"மூண்டு நாள் உதின்ர மேல காலை வைச்சுக்கொண்டு வந்தனான். காலை நீட்ட ஏலாது, மடக்க ஏலாது. பின்னால பிள்ளையள் ரெண்டும் சங்கிலிப் பெட்டியில சாஞ்சுகொண்டு நித்திரை." சொல்லிக்கொண்டே எனக்கென்று கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொதியையும் இறக்கினார்.

பட்டையை இறக்கி இழுவைப் பெட்டியில் வைத்தோம். முதலாளியம்மா அதன் உட்புறத்தைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அண்ணைக்கு ஜெர்மன் தெரியாது, இவருக்கு நோர்வே மொழி தெரியாது. எங்கள் ஆட்களுக்குள் இப்படிக் கையைப் பிடித்து நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. அண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டவவோ எண்டு கேள்," என்றார்.

"இரண்டு தரம் சாப்பிட்டன் எண்டு சொல்லு," என்றார் முதலாளியம்மா.

புரட்டாதியில் மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். அச்சு இரண்டு சென்டிமீற்றர் நீளம் கூட. அதைக் கண்டதும், மறுபடியும் தேட வேண்டிவருமோ என்று பயந்தேன். அவர் அச்சைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பைக் குறைக்கலாம். ரப்பரைத்தான் கூட்ட ஏலாது," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே ஆச்சரியம். தன் வேலை நேரம் முடிந்தபிறகு மூன்று பின்னேரங்கள் நின்று, கடைச்சல் இயந்திரத்தில் அச்சின் முனையைக் கடைந்து பொருத்தினார். கடைசி நாள் நான் அவருக்கு வடை சுட்டுக் கொண்டுபோனேன். உறைப்பில் கண்ணீர் வழிய எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

கார்த்திகை நடுவில் பாதை மூடியது. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் கார்த்தரிப்பிடத்தில் நின்றேன். மேலே மரங்களுக்குள் இரைச்சல் கேட்டது. அந்தச் சத்தத்தை முன்பெல்லாம் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அது வளைவுக்கு வளைவு கிட்ட வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது கண் நிறைந்துவிட்டது. மூட்டைகளை ஏற்றினோம். நான் பின்னால் ஏறி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வளைவைக் கடக்கும் வரைக்கும் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். கடந்ததும் அவர் பின்பக்கம் கையை நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தக் குளிர்காலம் ஒரு நாளும் விடுதி மூடவில்லை. தை மாதத்தில், சறுக்கி விழுந்து கால் முறிந்த ஒரு பெண்ணை அதே வண்டியின் பெட்டியில் படுக்கவைத்து முதலாளியம்மா கீழே கொண்டுவந்தார். இன்னும் ஐந்து குளிர்காலம் அந்தப் பட்டை ஓடியது. பிறகு முதலாளியம்மா இளைப்பாறி, விடுதியை வேறொருவருக்குக் கொடுத்தார். அதுவரைக்கும் நான் அங்கேதான் வேலை செய்தேன். என் பிள்ளைகளின் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடிந்ததும், நாங்கள் சொந்தமாக ஒரு சிறிய வீடு எடுத்ததும் அந்த வருடங்களில்தான்.

நோர்வேப் பட்டை ஓடிய அந்த முதல் குளிர்காலத்தில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, அண்ணை அந்த மீனவரின் வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் நன்றி சொன்னேன். அண்ணை அதை நோர்வே மொழியில் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு கரகரத்த குரல் ஏதோ கேட்டது.

"பட்டை இடப்பக்கம் உரசுதோ எண்டு கேக்கிறார்," என்றார் அண்ணை.

உண்மையில் உரசிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் இரண்டு தரம் சரிசெய்தும் போகவில்லை. "ஓம், உரசுது," என்றேன்.

அண்ணை சொன்னதும் அங்கே ஒரு சிரிப்புக் கேட்டது. மிகவும் சந்தோஷமான சிரிப்பு.

"அது முப்பது வருசமா அப்பிடித்தானாம். ஒண்டும் செய்ய வேண்டாமாம், விடட்டாம்."

நான் போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்து, இனி அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.