காவ்யா கை தூக்குவதில்லை

ஒரு பெண்ணை நான் பள்ளியைவிட்டு வெளியேற்றினேன். என் வாயால் அல்ல. அவளுடைய ஏழு வயது மகளைக் கை தூக்க வைத்து வெளியேற்றினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம்.

சூலூருக்குப் பக்கத்தில், முன்பு விசைத்தறி ஓடிய ஒரு கொட்டகையில் எங்கள் பள்ளி நடக்கிறது. கோவையில் ஒரு பெரிய பள்ளியில் பிள்ளைகளை அதட்டி அதட்டி அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு நான் தொடங்கிய பள்ளி. அடி கிடையாது, பரீட்சை கிடையாது, வகுப்புப் பிரிவும் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையும் ஐம்பது வயதுக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கலாம். ‘எல்லோரும் சமம்’ என்று சுவரில் நானே எழுதி வைத்தேன். என்னை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்குப் பெருமையான வழக்கங்கள் உண்டு. மதியச் சாப்பாட்டைப் படிக்கிறவர்களே முறைபோட்டுச் சமைப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முடிவெடுப்போம். அத்தனை பேரும் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். ஒரு கை தாழ்ந்திருந்தாலும் நடக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது என் குரலில் ஏறும் கர்வத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்... தூ!

சரோஜா இராத்திரி முழுக்கத் தறி ஓட்டுகிறவள். காலையில் மகள் காவ்யாவைக் கொண்டுவந்து விடுவாள். ஒருநாள் விட்டுவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள். அவள் பிறந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தானாக ஏற வேண்டும், யாரையும் கேட்கக்கூடாது, அந்த அளவுக்குப் படிக்க எவ்வளவு நாளாகும் என்றாள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கம் கண்ணைச் சொக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் எழுத்துக் கூட்டுவாள். ‘சத்தியமங்கலம்’ என்று திக்காமல் படித்த அன்று காவ்யா எழுந்து நின்று அம்மாவுக்குக் கை தட்டினாள். கொட்டகையே கை தட்டியது.

அதுவரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை, கவனியுங்கள். சமையல் முறையில் அவள் பெயர் வந்தது. அப்போதுதான் வந்தது வினை.

பிள்ளைகளைக் கேட்டு, அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவதாகச் சொல்லியிருந்தாள். மறுநாளே சில பெற்றோர் என்னைப் பார்க்க வந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் கொட்டகைக்குச் சொந்தக்காரர்; பெரிய தோட்டக்காரர்; அவர் பேரனும் எங்களிடம் படித்தான். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள்.

“படிக்கட்டுங்க அம்மணி, நல்லாப் படிக்கட்டும். வேண்டாம்னா சொல்றோம்? சமையக்கட்டு மட்டும் வேண்டாமுங்க. எங்கூட்டுப் பையன் வாயில வெச்சுச் சாப்பிடோணுமில்லீங்க.”

சாதி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. நானும் உச்சரிக்கவில்லை. சுத்தம் என்றார், பழக்கம் என்றார், பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். அப்படியானால் உங்கள் பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னேனா? காப்பி போட்டுக் கொடுத்தேன்! நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டேன். எப்படி என்று கேளுங்கள்.

சமையலிலிருந்து மட்டும் அவளை எடுத்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்கத்தானே அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்! ஆளையே பகலில் இல்லாமல் செய்துவிட்டால் கேள்வி வராது. அப்போது எங்களிடம் படித்த பெரியவள் அவள் ஒருத்திதான். வியாழக்கிழமை ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்தேன். பாவம் சரோஜாக்கா, தூக்கமில்லாமல் வருகிறார், பெரியவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு வைத்தால் பகலில் தூங்கலாமே என்று தேனொழுகப் பேசினேன். காவ்யாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

பொழுது சாய்ந்தால் சரோஜா தறிக்குப் போயாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் மாலை என்றேன்! அந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அக்கா சொல்கிறாள் என்றால் அதற்கு ஏதாவது வழி வைத்திருப்பாள் என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை வட்டம் கூடியது. கைகள் எழுந்தன. முதலில் எழுந்தது காவ்யாவின் கை. அம்மா தூங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள்.

சரோஜாவின் கை மட்டும் மடியில் கிடந்தது. வட்டத்தில் அவளும் ஒருத்தி. அவள் தூக்காவிட்டால் என் திட்டம் செல்லாது. மகளுடைய கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தோட்டக்காரர் வந்துபோனது அவள் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

“ஏனுங்க்கா, நானும் தூக்கோணுங்களா?” என்றாள்.

சண்டைக்கு வந்திருந்தால் தப்பித்திருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். “உங்க விருப்பமுங்க” என்றேன். விருப்பமாம்!... மகளுக்கு அங்கே இடம் வேண்டும். அதை நான் வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை. கையைத் தூக்கினாள். பிள்ளைகள் வழக்கம்போல் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வாசலோடு திரும்பிவிட்டாள். மாலை வகுப்பு ஒருநாளும் நடக்கவில்லை. அரிசிம்பருப்பை வேறு யாரோ ஆக்கினார்கள். நானும் சாப்பிட்டேன், நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன்.

அந்தத் தோட்டக்காரர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டா? உண்டு, வயிறு பற்றி எரிகிறது. ஆனால் எல்லோரும் சமம் என்று சுவரில் எழுதியவர் அவரில்லையே. எழுதியது நான். அந்த எழுத்துக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே அவளை அனுப்பியதும் நான். நீங்கள் உச்சுக் கொட்டுகிறீர்கள்... கொட்டாதீர்கள்! உங்கள் வீட்டு அடுப்படிவரை யார் யார் வரலாம் என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. காவ்யா இப்போது பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு மதியம், நானும் அவளும் தட்டு கழுவிக்கொண்டிருந்தோம். எழுத்துக் கூட்டியதெல்லாம் மறந்துபோய் அம்மா இன்னமும் பஸ் ஸ்டாண்டில் ஆட்களைக் கேட்டுத்தான் ஏறுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிமிர்ந்தாள்.

“எங்கம்மாளைப் படிக்க வேண்டாம்னு யாருங்க்கா நிறுத்துனது?”

நான்தான் கண்ணு. அவ்வளவுதான், அதைச் சொல்லியிருந்தால் போதும்.

“எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு கண்ணு” என்றேன்.

“நானுமுங்களா?”

“நீயும்தான்.”

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் செய்ததைப் பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை எதற்காகச் செய்தேன்? யார் என்னை மிரட்டினார்கள்? நான் சுமக்க வேண்டியதைத் தூக்கி ஒரு சின்னப் பெண்ணின் தலையில் வைத்தேன், வலிக்காமல் வைத்தேன், கண்ணு என்று கூப்பிட்டு வைத்தேன்!

அன்றிலிருந்து காவ்யா வட்டத்தில் கை தூக்குவதில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் ஆசைப்பட்ட சுற்றுலா நின்றுபோயிற்று. தோட்டம் போடுவது நின்றுபோயிற்று. பெரும்பாலோர் சம்மதித்தால் போதும் என்று விதியை மாற்றப் பார்த்தோம். அதற்கும் அவள் கை வேண்டுமே! அந்தப் பிள்ளையிடம் நீங்கள்தான் பேச வேண்டும் என்று பெற்றோர் என்னை நச்சரிக்கிறார்கள்.

என்ன பேச? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உங்களிடம் முதல் வரியில் சொன்னேனே, அதே வாக்கியம். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல வாய் வருகிறது...

நேற்று வெள்ளிக்கிழமை. பாத்திரம் கழுவும் முறையை மாற்றலாமா என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் கை தூக்கிவிட்டு, பழகிப்போன சலிப்போடு காவ்யாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

“ஏனுங்க்கா, நானும் தூக்கோணுங்களா?”

சரோஜாவின் குரலேதான். ஏழு வயதில் கேட்டதை அவள் மறக்கவில்லை. இப்போதாவது சொல் என்று அவள் எனக்கு வழி திறந்து வைக்கிறாள் என்பது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கொட்டகை முழுவதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது.

“உன் விருப்பம் கண்ணு” என்றேன்.