காணிக்கைப் பையின் கம்பு

தேக்குக் கம்பு விரல் எலும்பில் விழும்போது காய்ந்த மூங்கில் பிளப்பது போல ஒரு சத்தம் வரும். பத்து வயதில், எங்கள் கோயிலின் பீடத்தடியில், அதை ஐந்து முறை கேட்டேன். மொத்தம் ஒன்பது அடி. எண்ணுவதைத் தவிர அன்று என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அப்பா நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு சிறிய சபையின் உபதேசியார். போதகர் மாதம் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் அப்பா அச்சடித்த பிரசங்கப் புத்தகத்தை வாசிப்பார். திராட்சரசத்துக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். நிலம் வைத்திருந்த "மிராசு வீடுகள்" முதலில் குடிக்கும். அவர்கள் வயலில் நடவு நட்ட "காலனி சனங்கள்" கடைசியில். இது எங்கும் எழுதப்படாத ஒழுங்கு, ஒருவரும் மீறியதில்லை.

அந்த ஐப்பசியில் அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் சொந்தமாக ஒரு தியானம் எழுதினார். திருவிருந்துக்கு வந்த போதகர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "வாசிங்க உபதேசியாரே, மழை வருது, பத்து நிமிஷத்துல முடிங்க" என்றார். பந்தியிலிருந்து எழுந்து சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவருடைய மேசையில் ஒருவர் குடித்தது இன்னொருவருக்கு எப்படி எச்சிலாகும் என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி. வாசித்து முடித்த அப்பா நோட்டை மூடிவிட்டு, "இன்னைக்குக் கடைசி பெஞ்சுலேருந்து எழுந்து வாங்க" என்றார்.

"எங்களையாங்க ஐயா?" என்று கேட்டபடி காலனி ரூத்தம்மா எழுந்து வந்தாள். போதகர் தயங்கித் தயங்கிப் பாத்திரத்தை நீட்ட, அவள் குடித்தாள்.

நீளக் கம்பின் நுனியில் கட்டிய காணிக்கைப் பையைப் பெஞ்சு பெஞ்சாக நீட்டுவது மிராசு வீட்டு ஆசீர்வாதம் மாமாவின் வேலை. ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான்.

"இவ எச்சிலை நான் குடிக்கணுமா?" என்று கம்போடு முன்னால் வந்தார் மாமா.

"நான் நட்ட சோறு தொண்டையில எறங்குதுல்ல, நான் குடிச்ச ரசம் எறங்காதா?" என்றாள் ரூத்தம்மா.

அவளைக் குறிவைத்து வீசிய முதல் அடியில் பாத்திரம் பறந்தது. அப்பா நடுவில் பாய்ந்து கையை நீட்டினார். ஐந்து அடி வலது கையில், மூன்று முதுகில். பெஞ்சுகள் கவிழ்ந்தன, விளக்குக் கண்ணாடி வெடித்துச் சிதறியது, முன்பெஞ்சும் பின்பெஞ்சும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு சுவரில் மோதின. கடைசியில் ரூத்தம்மா மாமாவின் மணிக்கட்டைக் கடித்த பிறகுதான் கம்பு கீழே விழுந்தது.

மூன்றாம் நாள் போதகர் வீட்டுக்கு வந்தார். "வழுக்கி விழுந்ததா எழுதிக் கொடுத்துடுங்க. சபை உடையாது, உங்க வேலையும் இருக்கும்." அப்பாவின் கை மாவுக்கட்டில் இருந்ததால் போதகர் தாளை என்னிடம் நீட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நீ பார்த்ததை எழுதும்மா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

ஒன்பது அடிகளையும், அடித்தவர் பெயரையும் எழுதினேன். அந்த மாதமே வேலை போனது. உபதேசியார் வீட்டைக் காலி செய்தோம். அப்பாவின் அந்த விரல்கள் மறுபடி பேனாவைப் பிடிக்கவேயில்லை. அன்றிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு அங்கே போயிருந்தேன். பீடத்துக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கம்பு இல்லை, வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. வெள்ளிப் பாத்திரமும் இல்லை. "இப்ப ஆளுக்கொரு சின்னக் கிண்ணம், சுத்தமா இருக்கும், பிரச்சினையும் இல்லைங்க" என்றார் புதிய போதகர். அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கிண்ணத் தட்டு முன்பெஞ்சில் புறப்பட்டு, எங்களிடம் கடைசியாக வந்து சேர்ந்தது.