வீட்டுக்கு வாங்கண்ணே

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான். பிரெஞ்சு ராணுவத்தில் பல வருடமாக இருக்கிறேன், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் கூடாரம் போட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியவன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

போன குளிர்காலத்தில் வடக்கு பிரான்சில் ஒரு சின்ன ஊர்ப்பக்கம் எங்களுக்குப் பயிற்சி. எங்கே இறக்கிவிட்டாலும் அங்குள்ள போர் நினைவிடத்தைத் தேடிப்போய்ப் பெயர்களைப் படிப்பது என் பழக்கம். கூட இருப்பவர்கள் பீர் குடிக்கப் போய்விடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனபோது, முதல் உலகப்போரில் இறந்த சிப்பாய்களின் வரிசையில் ஒரு சிலுவையில் சின்னப்பன், பாண்டிச்சேரி என்று இருந்தது. நம்மூர்க்காரர்! இந்தக் குளிரில், காலில் அப்பிக்கொள்ளும் இந்த வெள்ளைச் சேற்றில், நூறு வருடமாகத் தனியாகக் கிடக்கிறாரே! வெளியூரில் நம்மூர்க்காரரைப் பார்த்தால் என்ன சொல்வோமோ, அதையே வாய் சொல்லிவிட்டது.

"ஊர்ப்பக்கம் வந்தா, சாரம் ஏரியாவுல நம்ம வீட்டுக்கு ஒரு வேள சாப்பிட வாங்கண்ணே."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஸ்டெல்லாவிடம்கூட.

இப்போது லீவில் வந்திருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம், தலைப்பிரசவம். போன வாரம், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப்பொழுதில், பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் சாப்பிட்ட தட்டு கிடக்கிறது, ஸ்டெல்லா தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"குனியாதன்னு சொன்னா கேக்க மாட்டியா? யாரு வந்தது?"

"உங்க பட்டாளத்துக்காரருதான். இப்பதான் போனாரு, தெருவுல பாக்கலயா? சாப்பிடக் கூப்ட்டிருந்தீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நேத்து மீன் கொழம்புதான் இருந்துச்சு. மூணு தடவ சோறு போட்டுக்கிட்டாரு, பாவம்."

பெயர் கேட்டேன். சின்னப்பன் என்றாள்.

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எவன்? அந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஈ காக்காய் இல்லை. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"சின்ன வயசுதான். இந்த வெயில்ல கம்பளிக் கோட்டப் போட்டுக்கிட்டு நடுங்குறாரு. பூட்ஸக் கழட்டுங்கண்ணேன்னேன், கால் ஊறி வீங்கிப்போச்சு, கழட்ட வரலம்மான்னாரு. வீடெல்லாம் சேறு."

வாசற்படியில் அவள் துடைக்காமல் விட்டிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சேறு. ஈரம் காயவில்லை, விரல் சில்லிட்டுப் போனது. சாரத்தில் மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன், ஆட்டோவுக்குள் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததைத் தவிர யாருமில்லை.

பயந்துபோனேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் என்னவென்று சொல்வது? கூப்பிட்டோம், வந்தார், வயிறாரச் சாப்பிட்டார், போய்விட்டார், அதோடு முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் டீ கொடுக்கும்போது அவள் சொன்னாள்.

"சொல்ல மறந்துட்டேன். போறப்ப, தம்பியும் ஒருநாள் நம்ம எடத்துக்கு வந்து தங்கணும்மான்னு கூப்ட்டாரு. எவ்ளோ ஆசையா கூப்ட்டாரு தெரியுமா? கண்டிப்பா அனுப்பி வைக்கறண்ணேன்னு சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நேற்று என் படைப்பிரிவிலிருந்து போனில் செய்தி வந்தது. நான் திரும்பியதும் மறுபடி பயிற்சி, அதே ஊர்ப்பக்கம். தற்செயல் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஸ்டெல்லா என் பெட்டியில் இரண்டு பாட்டில் இறால் ஊறுகாய் வைத்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு அந்த அண்ணனுக்கு. கூப்ட்ட வீட்டுக்கு வெறுங்கையோட போவாதீங்க."