போதும் என்றால் சாக்கு

விற்காத வாளியை நாள் முழுக்கச் செய்வதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. அதைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். சந்தாபுராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, எட்டுப் பெண்கள். மெஷின் வாளியைத் தள்ளும். நாங்கள் விளிம்பைச் சீவி, பத்துப் பத்தாக அடுக்கிச் சாக்கில் கட்டுவோம். குடோனில் கூரை வரைக்கும் வாளி. நிறுத்தினால் நஷ்டம் என்பார் முதலாளி. ஓட்டினால் மட்டும் லாபமா? ஆனால் மெஷின் நின்றால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்து நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மேனேஜருக்கே தாங்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல், "சாக்கு! சாக்கு!" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கன்னடக்காரர், போதும் என்கிறார். மெஷினில் நின்றவள் தருமபுரியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஓடிப்போய் ஒரு கட்டுச் சாக்கு அள்ளி வந்து, வாளிகளைப் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஆபீஸ் கதவை அடைத்துக்கொண்டு சாக்கு மூட்டைகள். உள்ளே முதலாளி கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"யாருடி இங்க அடுக்குனது?"

"நான்தான்க்கா. மேனேஜர் சார் சாக்கு கேட்டாரு. குடோன்ல எடமில்ல."

"அடியே, கன்னடத்துல அது போதும்னு அர்த்தம்டி!"

"அப்ப போதும்னே சொல்ல வேண்டியதுதானே?"

மூட்டைகளை இழுத்துப்போட்டோம். வெளியே வந்த முதலாளி, "நாளைலேருந்து இவ வர வேணாம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவளுக்குத் தப்பா கேட்டுது. ஊருக்கு என்ன வேணும்னு உங்களுக்குக் கேக்கவே இல்ல. எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் தண்ணி. வாளில புடிச்சு வெச்சு, சோத்துத் தட்டப் போட்டு மூடுறோம். இத்தன வாளி செய்றீங்களே, ஒரு மூடி செஞ்சீங்களா?"

என் வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். மேனேஜர் மெதுவாக, "ஹவ்து, ஆமா சார், நம்ம வீட்லயும் தட்டுதான்" என்றார்.

மறுநாள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு முதலாளியே கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் மூடிதான் கேட்டார்களாம். மூடிக்கு அச்சு வரும்வரை மெஷின் நின்றது. ஆனால் தருமபுரிக்காரி உட்பட ஒருத்தியையும் அவர் அனுப்பவில்லை.

இப்போது பழைய வாளிகள் மூடியோடு போகின்றன. பாதி இன்னும் கிடக்கிறது. ஆனாலும் குடோனுக்கு ஒரு ஜன்னல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. கடைக்காரர்கள் கேட்ட அளவுக்குத்தான் மெஷின் ஓடும். அது முடிந்ததும் மேனேஜர், "சாக்கு!" என்று கத்துவார்.

"எந்தச் சாக்கு சார்?" என்பாள் அவள், தினமும்.

அவர் தலையில் அடித்துக்கொள்வதற்குள் நான் மெஷினை நிறுத்திவிடுவேன்.