வண்டி இழுக்கும்போது நின்றுபோகும் பேச்சு

முதலில் ‘புஸ்’ஸென்று காற்று விடுகிற சத்தம். பிறகு தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கிளம்புவதுபோல ஒரு தாழ்ந்த உறுமல். வண்டி நகர நகர அது மெலிந்து, மேலே ஏறி, யாரோ ஒரே மூச்சில் தொண்டை கிழிய ‘உய்ய்ய்’ என்று இழுப்பதுபோல உச்சிக்குப் போய், டிரைவர் கரண்ட்டை நிறுத்தியதும் சட்டென்று அறுந்து விழும். மிச்சம் இருப்பது சக்கரங்களின் தடக் தடக் மட்டும்தான். அறுபதுகளின் கடைசியில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் பக்கம் கிளம்புகிற ஒவ்வொரு மின்சார வண்டியும் இப்படித்தான் எங்கள் வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போனது.

தண்டவாளத்தை ஒட்டிய சுவருக்குப் பின்னால், ஒரே வரிசையில் எட்டுப் பத்துக் குடித்தனங்கள். எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் இருந்தது: ‘இழுப்பு’. இழுப்பு ஆரம்பித்தால் யாரும் பேசமாட்டோம். பேசினாலும் கேட்காது என்பதால் வந்த பழக்கம். பிறகு தூங்குவது, சாப்பிடுவது மாதிரி யோசிக்காமலே நடக்கிற காரியமாகிவிட்டது. பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொள்வோம், சத்தம் அறுந்ததும் மீதி வார்த்தையைச் சொல்லுவோம். குழாயடியில் சண்டை போடும் பெண்கள்கூட இடுப்பில் கையை வைத்து, ஒருத்தியை ஒருத்தி முறைத்தபடி வண்டி போகும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டுவார்கள். அப்பா என்னை அதட்டும்போது வண்டி வந்தால், ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கும். சில நாள் அதற்குள் அவருக்குக் கோபம் போய்விடும். அந்த வண்டியை நான் கும்பிட்டதுண்டு.

அப்போது எங்களோடு இருந்தவர் ஏழுமலை மாமா, அம்மாவின் தம்பி. கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பட்டறையில் வேலை. பகல் முழுக்க இரும்பின்மேல் இரும்பு விழும் இடம். அங்கே வாயைத் திறக்க வழியில்லாததாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே இருப்பார். அம்மா காப்பியை நீட்டினால், “யக்கா, இது காப்பியா, காப்பி குடிச்ச டம்ளர் கழுவுன தண்ணியா?” என்பார். “தொர வேணும்னா ஓட்டலுக்குப் போயி குடியேன், யார் வேணாம்னது?” என்று அம்மா அவர் தலையில் ஒரு குட்டு வைப்பாள். அவர் பேச்சைக் கேட்கவே பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து உட்காரும்.

“மாமாகிட்ட பேசணும்னா மூஞ்சிக்கு நேரா போயி பேசு” என்று அம்மா எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அது மரியாதை என்றுதான் நினைத்திருந்தோம். பட்டறைச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். எதிராளியின் வாயைப் பார்த்தே அவர் பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டார். கரி எஞ்சின் இழுக்கும் எக்ஸ்பிரஸ் வந்தால் தரை அதிரும். கால் வழியாகத் தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவார். ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் புறப்படும் மின்சார வண்டிக்கு அந்த அதிர்வு கிடையாது. ஆனால் எதிரே எங்கள் வாய் மூடுவதைப் பார்த்து அவரும் மூடிக்கொள்வார். ஆகையால் குழாயடியில்கூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு கோடையில் அவருக்குச் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் பொருந்தி வந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாமா கண்ணாடிமுன் அதிக நேரம் நின்றார். “தலைய வாரிக்கினே இருந்தா இருக்கிற நாலு மயிரும் பூடும்” என்று அம்மா கேலி செய்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான குரல். அவர் வீடும் தண்டவாளத்தின் ஓரம்தான். அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு வண்டி இழுத்தது. எங்களைப் போலவே அவரும் பாதி வார்த்தையில் நிறுத்தினார். மாமாவும் நிறுத்தினார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நம்ம மாதிரியே கீறாரு” என்று கேசரித் தட்டை எடுக்க உள்ளே வந்தபோது என்னிடம் சொன்னாள்.

வெக்கை தாங்கவில்லை. மேசை ஃபேன் வழக்கம்போல மக்கர் செய்தது. “தோ, ஒரு நிமிஷம்” என்று மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, திருகாணியை முடுக்க ஆரம்பித்தார். முடுக்கிக்கொண்டே பட்டறைக் கதை ஒன்றையும் ஆரம்பித்தார். அப்போது அடுத்த வண்டி கிளம்பியது.

உறுமல் எழுந்ததும் நாங்கள் எல்லோரும் அடங்கிவிட்டோம். மாமாவின் தோள் மட்டும் கதைக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டிருந்தது. இழுப்பு ஏற ஏற அவர் பேசிக்கொண்டே போனார். ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா கையில் தட்டோடு நின்றாள். பெண்ணின் அப்பா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அறுந்து விழுந்தபோது மாமா சிரித்தபடி திரும்பி, “இன்னா நைனா, நான் சொல்றது சரிதானே?” என்றார்.

“சரிதான் தம்பி” என்றார் அவர். அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அதில் கோபம் இல்லை. மாமா மறுபடி ஃபேன் பக்கம் திரும்பியதும், “தம்பி” என்று மெல்லக் கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. பிறகு கேசரியில் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஜாதகம் சரியில்லை என்று மறுவாரம் சொல்லியனுப்பினார்கள்.

மாமா அந்த ஜாதகச் சாக்கை நம்பவில்லை. “நான்தான் ஓவரா பேசிட்டேன்கா. அத்தினி கத சொல்லியிருக்கக் கூடாது. வாயாடின்னு நினைச்சிட்டாரு” என்றார். உண்மையைச் சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, அம்மா அதை மறுக்காமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள். அன்றிலிருந்து மாமாவின் பேச்சு குறைந்தது. முதலில் வெளியாட்களிடம் குறைத்துக்கொண்டார், பிறகு எங்களிடம். காப்பி எப்படி இருந்தாலும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். வாசலில் பிள்ளைகள் வந்து உட்காருவதும் நின்றுபோனது. வேறு பெண் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

எழுபதுகளின் நடுவில் அப்பா எங்கெங்கோ அலைந்து அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார். சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அதைப் போட்டுக்கொண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் வண்டி இழுத்தது. நாங்கள் நிறுத்தினோம். மாமா எங்கள் மூடிய வாய்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். உறுமல் ஏறி உச்சிக்குப் போகும்வரை பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சத்தம் நின்றதும், “அவரு வந்த அன்னிக்கு, நான் ஃபேன முடுக்கிக்கினு இருந்தப்ப, இந்த வண்டி போச்சாக்கா?” என்றார்.

“போச்சுடா.”

“நான் பேசிக்கினே இருந்தேனா?”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “அப்ப என் பேச்சு புடிக்காம போவல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பழைய பேச்சு அவருக்குத் திரும்பி வரவே இல்லை. அதற்குள் பேசாமல் இருந்து பழகிவிட்டார்.

மாமா போய்ப் பல வருஷமாகிறது. அந்தக் குடித்தனங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஜன்னல்கள் ஏசிக்காகச் சாத்தியே கிடக்கின்றன. அகலம் குறைந்த மீட்டர்கேஜ் பாதையும் அந்தப் பழைய வண்டிகளும் போய்விட்டன. இப்போதைய வண்டிகள் வேறு மாதிரி மெல்லிசாக முனகிக்கொண்டு கிளம்புகின்றன, இழுப்பு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. போன வாரம் பேரப்பிள்ளைகளான உங்களை மாம்பலத்திலிருந்து மின்சார வண்டியில் கூட்டிக்கொண்டு போனேனே, வண்டி வேகம் எடுக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கூட்டத்தின் இரைச்சலில் எனக்குப் பாதி கேட்கவில்லை. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.